கடன் அட்டையில் மிகையாகச் செலுத்திய பணம்: திரும்பப் பெறும் உரிமையின் வரலாறு

கடன் அட்டைக் கணக்கில் செலுத்த வேண்டிய தொகையைவிடக் கூடுதலாகப் பணம் சேர்ந்துவிட்டால், அந்தக் கூடுதல் தொகை வரவு இருப்பு எனப்படும். வழக்கமாக அட்டைதாரர் வங்கிக்குக் கடன்பட்டவர். வரவு இருப்பு உள்ள நாள்களில் இந்த உறவு தலைகீழாகிவிடுகிறது. வங்கிதான் அட்டைதாரருக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தப் பணத்தை எவ்வளவு காலம் வங்கி வைத்திருக்கலாம், கேட்டால் எத்தனை நாளில் தர வேண்டும், வாடிக்கையாளர் கேட்கவே இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை உடனே கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் 1974, 1980 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி வழிகாட்டலும் இந்த விடைகளைத் தந்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

வரவு இருப்பு எவ்வாறு உண்டாகிறது?

இது பெரும்பாலும் கவனக்குறைவால் நேர்வது என்று நினைக்கிறோம். கவனமாக இருப்பவர்களுக்கும் இது நேரும். முதன்மையான காரணங்கள் ஐந்து.

1. சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதை மறந்து கையாலும் கட்டிவிடுவது.
2. கணவன் ஒரு முறையும் மனைவியோ பிள்ளைகளோ இன்னொரு முறையும் ஒரே பில்லைக் கட்டிவிடுவது.
3. தொகையைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எண் கூடிவிடுவது. 1,450 என்பது 14,500 ஆகிவிடும்.
4. பில்லை முழுதும் கட்டிய பிறகு, திருப்பி அனுப்பிய பொருளுக்கோ ரத்தான பயணச்சீட்டுக்கோ உரிய பணத்தைக் கடைக்காரர் அட்டைக் கணக்கிலேயே வரவு வைப்பது.
5. தவறாக விதித்த கட்டணத்தை வங்கி பின்னர் நீக்குவது.

முதல் மூன்றிலும் பணத்தை அனுப்புபவர் அட்டைதாரர். பின்னிரண்டிலும் பணம் வேறிடத்திலிருந்து வந்து சேர்கிறது. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். இந்திய விதிகளைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

மளிகைக் கடை நோட்டும் வங்கிப் பேரேடும்

மாதக் கணக்கு வைத்து மளிகை வாங்கிய தலைமுறைக்கு இது புதிதன்று. கடைக்காரரிடம் ஒரு பற்று வரவு நோட்டு இருக்கும். வாங்கிய சாமான்கள் பற்று; கொடுத்த பணம் வரவு. மாதக் கணக்கு 430 ரூபாய் ஆகி, நாம் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து, சில்லறை இல்லையென்றால், 70 ரூபாயை "வரவு" என்று எழுதிக்கொள்வார். அடுத்த மாதக் கணக்கில் அது கழிந்துவிடும். நாம் ஊரைவிட்டு மாற்றலாகிப் போகிறோம் என்றால் அந்த 70 ரூபாயை எண்ணிக் கையில் கொடுப்பார். கொடுக்காத கடைக்காரருக்கு ஊரில் பெயர் கெடும்.

கடன் அட்டை அறிக்கையும் அதே நோட்டுதான். அது வங்கியின் பேரேட்டிலிருந்து எழுதப்படுகிறது. தொகைக்கு முன் கழித்தல் குறியோ, பின்னால் "சிஆர்" என்ற இரண்டு எழுத்துகளோ இருந்தால் அது நாம் கட்ட வேண்டிய பாக்கி அன்று. நமக்கு வர வேண்டிய தொகை. இந்த இரண்டு எழுத்துகளைக் கவனிக்காமல், பாக்கி என்று எண்ணி அதே தொகையை மீண்டும் கட்டி, இருப்பை இரட்டிப்பாக்கியவர்களும் உண்டு.

மளிகைக் கடைக்கும் வங்கிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். கடைக்காரர் நம் முகத்தை அறிவார். வங்கியின் கணினிக்கு முகம் தெரியாது. ஊர்ப்பேச்சு செய்த வேலையை அங்கே சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

தவறுதலாகக் கொடுத்த பணம்: பழைய கொள்கை

கொடுக்க வேண்டாத பணத்தைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பக் கேட்கலாம் என்ற கொள்கை ரோமானியச் சட்டத்திலேயே இருந்தது. இங்கிலாந்தில் 1760-இல் மோசஸ் எதிர் மெக்ஃபெர்லன் வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு இதற்கு நியாய அடிப்படை வகுத்தார். ஒருவர் கையில் வந்து சேர்ந்த பணத்தை அவர் வைத்துக்கொள்வது நியாயத்துக்குப் பொருந்தாது என்றால், அதை உரியவரிடம் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்பது அதன் சாரம்.

1841-ஆம் ஆண்டின் கெல்லி எதிர் சொலாரி வழக்கு இன்னும் நெருக்கமானது. தவணை கட்டாததால் காலாவதியான ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்துக்கு, அது காலாவதியானதை மறந்து, காப்பீட்டு நிறுவனம் இறந்தவரின் மனைவிக்குப் பணம் கொடுத்துவிட்டது. பிறகு திரும்பக் கேட்டது. கொடுத்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக மட்டும் அவருடைய உரிமை போய்விடாது என்று நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் கேட்டது நிறுவனம், கொடுக்க வேண்டியிருந்தது ஒரு விதவை. ஆனால் விதி இரு பக்கமும் பொருந்தும். "நீங்கள்தானே கூடுதலாகக் கட்டினீர்கள்" என்பது பணத்தை வைத்துக்கொள்வதற்கான விடை ஆகாது.

1848-இல் ஃபோலி எதிர் ஹில் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் அவை, வங்கியில் வாடிக்கையாளர் போட்ட பணத்தைப் பொறுத்தவரை வங்கி ஒரு கடனாளி என்று உறுதிசெய்தது. வரவு இருப்பை வங்கியின் கடன் என்று இன்று சொல்வதற்கு இந்தத் தீர்ப்பு துணைநிற்கிறது.

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவில் இந்தக் கொள்கையை எழுதிவைத்தது. தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது அப்பிரிவு. அதற்குச் சட்டத்திலேயே தரப்பட்டுள்ள விளக்கம் வியப்பூட்டுவது. இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவருக்கு 100 ரூபாய் தர வேண்டும். ஒருவர் முழுத் தொகையையும் கொடுத்துவிடுகிறார். அது தெரியாமல் மற்றவரும் 100 ரூபாய் கொடுக்கிறார். வாங்கியவர் இரண்டாவது 100 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியே ஒரே பில்லைக் கட்டிவிடும் இன்றைய நிலைமையை ஏறக்குறைய அப்படியே, கடன் அட்டை பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அந்த விளக்கம் படம் பிடித்திருக்கிறது.

ஆனால் இந்த உரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் போக வேண்டும். 2,000 ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்? உரிமை இருந்தும் வழி இல்லாத இந்த இடத்தில்தான் அடுத்த கட்டம் தொடங்குகிறது.

அமெரிக்காவில்: கடைக் கணக்கிலிருந்து வங்கி அட்டைக்கு

அமெரிக்காவின் பெரிய பல்பொருள் கடைகள் வாடிக்கையாளர்களுக்குக் கடன் கணக்கு வைத்திருந்தன. 1930-களில் அவற்றுக்காகப் பெயர் பொறித்த சிறிய உலோகத் தகடுகள் வழக்கத்துக்கு வந்தன. 1950-இல் ஃபிராங்க் மெக்நமாரா நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப்பைத் தொடங்கினார். அது மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்ட வேண்டிய அட்டை. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே, பேங்க்அமெரிகார்டு என்ற அட்டையை அஞ்சலில் அனுப்பியது. பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும் சுழல் கடன் முறை அதனால் பரவியது. அந்த அட்டையே 1976-இல் விசா என்று பெயர் மாறியது.

சுழல் கடன் கணக்குகள் பெருகியபோது கணக்குத் தகராறுகளும் பெருகின. செலுத்திய பணம் பதிவாகவில்லை, திருப்பிய பொருளுக்கு வரவு வரவில்லை என்ற முறையீடுகளோடு, கணக்கில் மிஞ்சிய பணத்தைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமலேயே நிறுவனங்கள் வைத்துக்கொள்கின்றன என்ற முறையீடும் எழுந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சில டாலர்கள்தான். இலட்சக்கணக்கான கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் அது நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கிடைத்த முதல்.

1974: கேட்டால் கொடு

1968-இல் நுகர்வோர் கடனில் உண்மையை வெளிப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. வட்டி எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் முதன்மை நோக்கம். அதன் தொடர்ச்சியாக நியாயமான கடன் பில் சட்டத்தில் 1974 அக்டோபர் 28 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்டார். ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது.

பில்லில் பிழை இருந்தால் முறையிடும் உரிமைக்காகவே இச்சட்டம் நினைவுகூரப்படுகிறது. அதில் சிறிய பிரிவு ஒன்று வரவு இருப்பைப் பற்றியது. செலுத்த வேண்டியதைவிட மிகையாகப் பணம் வந்தால், வாடிக்கையாளர் கேட்டால் திருப்பித் தர வேண்டும்; அல்லது அவருடைய கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று அது கூறியது.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. கேட்பவருக்கு மட்டுமே பணம் கிடைக்கும். தன் கணக்கில் பணம் மிஞ்சியிருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? வீடு மாறியவர், அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தியவர், முதியவர், இறந்துபோனவர் ஆகியோரின் பணம் "வரவு வைக்கப்பட்டது" என்ற பெயரில் அப்படியே கிடக்கலாம்.

1980: கேட்காவிட்டாலும் கொடு

இந்த ஓட்டையை 1980-ஆம் ஆண்டின் திருத்தம் அடைத்தது. ஒரு டாலருக்கு மேற்பட்ட வரவு இருப்பு உண்டானால் நிறுவனம் மூன்று செயல்களைச் செய்ய வேண்டும் என்று அது வகுத்தது.

முதலாவது, தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இரண்டாவது, வாடிக்கையாளர் கேட்டால் மீதியைத் திருப்பித் தர வேண்டும். மூன்றாவது, ஆறு மாதத்துக்கு மேல் கணக்கில் தங்கிய தொகையை, வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும், நல்லெண்ணத்துடன் முயன்று பணமாகவோ காசோலையாகவோ பணவிடையாகவோ திருப்பி அனுப்ப வேண்டும். கடைசியாகத் தெரிந்த முகவரியிலும் தொலைபேசியிலும் தேடியும் ஆள் கிடைக்காவிட்டால் மட்டுமே நிறுவனத்துக்கு விலக்கு.

எழுத்து மூலம் கேட்டால் ஏழு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இச்சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறை "இசட்" கால வரையறை செய்தது. மேலும், கைப்பிழையால் கட்டிய பணம் மட்டுமன்றி, திரும்ப வந்த வட்டி, காப்பீட்டுத் தவணை, வேறு எவ்வகையிலும் வாடிக்கையாளருக்கு உரிய தொகை ஆகிய அனைத்தும் வரவு இருப்பில் அடங்கும் என்றும் சட்டம் விரிவுபட்டது.

ஆள் கிடைக்காத பணமும் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. அமெரிக்க மாநிலங்களில் கேட்பாரற்ற சொத்துச் சட்டங்கள் உள்ளன. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அத்தகைய தொகையை மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். உரியவரோ வாரிசோ பின்னர் அரசிடம் கேட்டுப் பெறலாம்.

இந்த ஆறு ஆண்டுகளில் நடந்த மாற்றம் அளவில் சிறியது, பொருளில் பெரியது. 1974-இல் தேடும் பொறுப்பு வாடிக்கையாளருடையது. 1980-இல் அது பணத்தை வைத்திருப்பவருடையது ஆயிற்று.

இந்தியாவில்

இந்தியாவில் 1980-இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா "சென்ட்ரல் கார்டு" என்ற அட்டையை வெளியிட்டது. 1990-களில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் வெளிநாட்டு வங்கிகளும் தனியார் வங்கிகளும் நகரங்களில் அட்டைகளைப் பரப்பின. வாடிக்கையாளர் முறையீடுகள் பெருகவே, 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி கடன் அட்டைச் செயல்பாடுகளுக்கு விரிவான வழிகாட்டலை வெளியிட்டது. கேட்காமல் அட்டை கொடுப்பது, பில் அனுப்பும் முறை, பாக்கி வசூலிப்போரின் நடத்தை ஆகியவை அதில் பேசப்பட்டன.

வரவு இருப்புக்கு நாள் கணக்கோடு கூடிய விதிகள் 2022-இல் வந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட கடன் அட்டை, பற்று அட்டை பற்றிய முதன்மை வழிகாட்டல் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு வேண்டியவை நான்கு.

ஒன்று: பில்லைக் கட்டுவதற்கு முன்பே, கெடு நாளுக்குள், கடைக்காரரிடமிருந்து பணம் திரும்பி வந்தால் அதை உடனே கட்ட வேண்டிய தொகையில் கழித்து, அட்டைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு: பில்லைக் கட்டிய பிறகு அவ்வாறு பணம் வந்து, அது கடன் வரம்பில் 1 விழுக்காடு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால், அதை அட்டைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ள வங்கி அட்டைதாரரின் ஒப்புதலை ஏழு நாள்களுக்குள் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ கேட்க வேண்டும். விடை வராவிட்டால் அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிட வேண்டும்.

மூன்று: தொகை எவ்வளவாக இருந்தாலும், அட்டைக் கணக்கில் நிற்கும் வரவைத் தன் வங்கிக் கணக்குக்கு மாற்றும்படி அட்டைதாரர் கேட்டால், மூன்று வேலை நாள்களுக்குள் மாற்ற வேண்டும்.

நான்கு: அட்டைக் கணக்கை மூடும்போது மிச்சமுள்ள வரவை அட்டைதாரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். பாக்கி ஏதும் இல்லாதவர் மூடச் சொல்லி ஏழு வேலை நாள்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் தண்டம்.

இரண்டாவது விதிக்கு ஒரு சிறு கணக்கு. கடன் வரம்பு 2,00,000 ரூபாய் என்றால் 1 விழுக்காடு 2,000 ரூபாய். அது 5,000-ஐவிடக் குறைவு; எனவே எல்லை 2,000. கடன் வரம்பு 8,00,000 ரூபாய் என்றால் 1 விழுக்காடு 8,000. எனவே எல்லை 5,000. வரம்பு 5,00,000-ஐத் தாண்டிய எல்லோருக்கும் எல்லை 5,000 ரூபாய்தான்.

இங்கே தொடக்கத்தில் சொன்ன வேறுபாட்டுக்கு வருவோம். தானாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற இரண்டாவது விதி, கடைக்காரர் திருப்பிய பணம், தோல்வியுற்ற பரிமாற்றம் போன்றவற்றைப் பற்றியே பேசுகிறது. நாமே கைப்பிழையாகக் கூடுதலாகக் கட்டிய பணத்துக்கு மூன்றாவது விதிதான் துணை. அதாவது, நாம் கேட்க வேண்டும். அந்த வகையில் இது அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டு நிலைக்கு ஒப்பானது. ஆனால் கேட்ட பின் கிடைக்கும் வேகத்தில் இந்திய விதி முந்துகிறது: அங்கே ஏழு வேலை நாள், இங்கே மூன்று.

ஓர் எடுத்துக்காட்டு

இக்கட்டுரையாளருடன் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே குறிப்பிடலாம். அவருடைய பில் 18,640 ரூபாய். தானியங்கி ஏற்பாட்டில் பணம் போய்விட்டதை அறியாமல், வெளியூரிலிருந்த மகன் அதே தொகையை அம்மாவின் கணக்கிலிருந்தே மீண்டும் கட்டிவிட்டான். அந்த மாத ஓய்வூதியத்தில் பெரும்பகுதி அட்டையில் போய் முடங்கிற்று. மருந்துக் கடையில் பணம் குறைந்தபோதுதான் அவருக்கு விவரம் தெரிந்தது. தொலைபேசியில் பேசியவர், "கவலைப்படாதீர்கள் அம்மா, அடுத்த அடுத்த பில்லில் கழிந்துவிடும்" என்றார். மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் மட்டுமே அட்டையில் செலவழிப்பவருக்கு அது கழிய அரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

பிறகு அவர் எழுதிய மின்னஞ்சல் நான்கே வரி. கட்டிய இரண்டு தேதிகள், தொகை, பணம் சேர வேண்டிய வங்கிக் கணக்கு, மூன்று வேலை நாள் விதி. பணம் மூன்றாம் நாள் வந்தது. தொலைபேசியில் பேசியவர் பொய் சொல்லவில்லை. கழியும் என்பது உண்மைதான். ஆனால் கழிப்பது ஒன்று, கொடுப்பது வேறு. எதை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பணத்துக்கு உரியவருடையது. அந்த உரிமை இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பப் பெறும் முறை

அறிக்கையில் உள்ளது வரவு இருப்புதானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இன்னும் பில்லில் ஏறாத செலவுகளும் தவணைகளும் இருந்தால் அவற்றைக் கழித்த மீதியே கைக்கு வரக்கூடும்.

கோரிக்கையை எழுத்தில் அனுப்புவது நல்லது. தொலைபேசியில் கேட்டால் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பணம் சேர வேண்டிய கணக்கு அட்டைதாரர் பெயரிலேயே இருக்க வேண்டும். அட்டை வேறு வங்கியினுடையது என்றால் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, ரத்து செய்த காசோலை ஆகியவற்றைக் கேட்பார்கள். இந்தச் சோதனையில் நியாயம் உண்டு. மிகையாகக் கட்டித் திரும்பப் பெறுவது கறுப்புப் பணத்தை வெளுக்கும் வழிகளில் ஒன்றாகவும் பயன்படக்கூடும் என்பதால், பெரிய தொகை என்றால் வங்கிகள் விளக்கம் கேட்கின்றன.

முழு அட்டை எண்ணையும், பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையும், ஓடிபியையும் யாருக்கும் தரக் கூடாது. பணத்தை நமக்கு அனுப்புவதற்கு இவை தேவையில்லை. "பணம் திருப்பித் தருகிறோம்" என்று அவர்களாகவே அழைப்பவர்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தால் பொதுவாகத் தனிக் கட்டணம் உண்டு. நம் பணத்தை எடுக்க நாமே கட்டணம் கொடுத்ததாக ஆகிவிடும்.

வங்கி 30 நாள்களுக்குள் விடை தராவிட்டாலோ, தந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 1995-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுமைக்கும் ஒரே திட்டமாக ஒருங்கிணைக்கப்பட்டு, இணையத்தின் வழியும் முறையிடத்தக்கதாக ஆயிற்று.

அட்டைதாரர் இறந்துவிட்டால், வங்கி பாக்கியை மட்டும் கேட்கும் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். வரவு இருந்தால் அதுவும் அவருடைய சொத்து, வாரிசுகளுக்கு உரியது. சேமிப்புக் கணக்குப் புத்தகத்தைத் தேடுவதுபோல் கடைசி அட்டை அறிக்கையையும் ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

நிறைவாக

கொடுக்க வேண்டாததைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்ற நியாயம் மிகப் பழையது. அதற்கு நாள் கணக்கும் தண்டமும் சேர்ந்தது மிக அண்மையில். கேட்காதவருக்கும் அவர் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற 1980-இன் எண்ணம் இந்தியாவில் பாதி வழியே வந்திருக்கிறது. கைப்பிழையால் கட்டியவருக்கு அது இன்னும் எட்டவில்லை. அது எட்டும் வரை, மாதந்தோறும் வரும் அறிக்கையில் கழித்தல் குறியையும் "சிஆர்" என்ற இரண்டு எழுத்துகளையும் தேடிப் பார்க்கும் வேலை நம்முடையதே.